குடத்துக்குப் பக்கத்தில் ஆள்

ஜனவரி 27, வியாழன்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. கனிக்குச் சொல்லி அனுப்பினேன். பத்து மணிக்கு வா என்றால் பத்து மணிக்கு வருகிற ஒரே ஆள் இந்த உப்போடை ஊரில் அவள்தான். அதற்காகத்தான் அவளைக் கூப்பிடுகிறேன். வேறு காரணம் இல்லை.

முழுப்பெயர் சுயம்புக்கனி. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படித்தவள். இருபத்தாறு வயதுக்கு அதிகம் பேசுகிறாள். சுடிதாருக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை, காதில் பென்சில். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டே கேட்டாள்.

"மச்சாதும்மா, போன வாரம்தான இதுக்கு வாஷர் மாத்துனேன்?"

"மாத்துன. ஒழுகுது. நான் என்ன செய்ய?"

"தன்னால கழண்ட மாதிரி தெரியலியே. யாரோ ஸ்பேனர வச்சுத் திருகுன மாதிரில்லா இருக்கு."

"குழாய்க்கும் வயசாகும்" என்றேன்.

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி கொடுத்தேன். வேலைக்கு வருகிறவர்களுக்கு வைத்திருக்கும் டம்ளரில் அல்ல, கோப்பையில். டம்ளர் கழுவாமல் கிடந்தது.

காப்பி குடித்துக்கொண்டே செய்தியைச் சொன்னாள். எங்கள் ஏழாம் வார்டை இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்களாம். இப்போதைய கவுன்சிலர் தவசிமுத்து தன் மனைவி ராசகிளியை நிறுத்துகிறாராம். "அவியளுக்கு எதிரா நான் நிக்கப் போறேம்மா."

தவசிமுத்துவுக்கு இரண்டு தண்ணீர் லாரிகள். தெருக்குழாயில் தண்ணீர் வராத வரைக்கும் லாரிகள் ஓடும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

"தோத்துட்டா?"

"கவுன்சிலரப் பகச்சிக்கிட்டு எவன் என்னய வேலைக்குக் கூப்புடுவான்? திருப்பூர்ல எங்க மாமா இருக்காவ. போயிர வேண்டியதுதான்."

"திருப்பூர் நல்ல ஊர்தான்" என்றேன்.

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வீடு முழுக்க ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்பதுபோல் ஒரு கனவு. பச்சைநிறத் தண்ணீர். அதன் அடியில் என் கணவர் தம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். தாள் நனையவில்லை. நிமிர்ந்து பார்த்து, "குழாயை மூடினாயா, ஃபிலோ?" என்கிறார். மூடினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஜனவரி 28, வெள்ளி

குளியலறைக் குழாயும் ஒழுகுகிறது. விசித்திரம்.

ஜனவரி 31, திங்கள்

கனி வேட்புமனுவோடு வந்தாள். வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். தெருவில் எல்லாரும் "நீ நில்லு தாயி" என்றார்களாம். பேனாவை நீட்டியதும் ஒருத்திக்கு அடுப்பில் பால் பொங்கியது, ஒருத்திக்குக் கைக்குழந்தை அழுதது.

"அதான் உங்கட்ட வந்தேன். நீங்க யாருக்கும் பயப்பட மாட்டியள்லா."

முகத்துதி எனக்குப் பிடிக்காது. மனுவை வாங்கி வாசித்தேன். அடித்தல் திருத்தல் நிறைய இருந்தது. புதிய தாளில் எழுதி வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பிறகுதான் கையெழுத்திட்டேன், இங்க் பேனாவால். ஃபிலோமினா மச்சாது. அவர் போன பிறகு வங்கியைத் தவிர வேறெங்கும் என் பெயரை முழுதாக எழுதியதில்லை. மை காயும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளியலறைக் குழாயையும் சரிசெய்துவிட்டுப் போனாள். "ஸ்பேனர எங்கம்மா வச்சிருக்கிய?" என்று போகிறபோக்கில் கேட்டாள். என்னிடம் ஸ்பேனர் இருப்பதாக இவளுக்கு யார் சொன்னது?

பிப்ரவரி 7, திங்கள்

கனிக்குச் சின்னம் ஒதுக்கிவிட்டார்கள். சுயேச்சைகளுக்கான பட்டியலில் தண்ணீர்க் குழாயும் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இவள் வேண்டாம் என்று சொல்லி சீப்பு வாங்கி வந்திருக்கிறாள்.

"பிளம்பருக்கு எதுக்குட்டி சீப்பு?" என்று வாசலிலேயே மடக்கினாள் எதிர்வீட்டுப் பாக்கியத்தாய்.

"பின்ன என்ன பெரியம்ம? ஓட்டு மெசின்ல குழாயப் பாத்தா நம்ம தெருச் சனத்துக்குக் கோவந்தான வரும்? எத்தன நாளா தண்ணி வரலன்னு ஞாபகம் வந்து வேற எதையாவது அமுக்கிருவாவ."

"எங்க வீட்டு ஆளுக்கு வழுக்க. அவரு எதப் பாத்து அமுக்குவாரு?"

"ஒங்க ஜடையப் பாத்து அமுக்கச் சொல்லுங்க."

தெருவே சிரித்தது. நான் மாடி ஜன்னலில் இருந்தேன். காற்றுக்காகத்தான் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 10, வியாழன்

தவசிமுத்து ஓட்டுக் கேட்டு வந்தார். மேளம், வெடி, சால்வைகள். சுவரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார்கள். அதில் தவசிமுத்துவின் முகம் தாம்பாளம் அளவுக்கு. மூலையில் தபால்தலை அளவுக்கு ராசகிளி.

"இதில் வேட்பாளர் யாரு?" என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டிய! நம்ம வீட்டுலதான்" என்று பின்னால் கையைக் காட்டினார்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் கும்பிட்ட கையோடு நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கால்வரை ஜடை. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் காம்பவுண்டு ஓரத்தில் பூத்திருந்த நந்தியாவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணீர் குடிக்கிறாயாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா, அவ இப்பந்தான் குடிச்சா" என்றார் தவசிமுத்து.

அவள் வாய் லேசாகத் திறந்து மூடியது. பிறகு மேளம் நகர்ந்தது. அவளும் அதோடு நகர்ந்தாள்.

மதியக் கனவில் இன்றும் தண்ணீர். அவர் நாற்காலியில் இல்லை. வெள்ளைப் பூக்கள் மட்டும் அறைக்கு அறை மிதந்து போயின.

பிப்ரவரி 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மாடி ஜன்னலில் நிற்கும்போது தெருக்குழாயடியில் சண்டை. ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் இன்றைக்கு வந்தது. இந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு: குடத்துக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத குடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். பிரசவ வலி வந்தவளுடைய குடத்தையும் தள்ளியிருக்கிறார்கள். பாக்கியத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், பின்சந்து செல்லக்கிளி அவள் குடத்தை நகர்த்திவிட்டாள். அதற்குத்தான் இவ்வளவும்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் வேலை இல்லை. என் வீட்டில் நிலத்தடித் தொட்டி இருக்கிறது. மழைத்தண்ணீர், தீர்ந்தால் லாரித்தண்ணீர். திருமணமாகி வந்த நாளிலிருந்து நான் தெருக்குழாயைத் தொட்டதில்லை. ஆனாலும் மேலே நின்று பார்த்ததில், செல்லக்கிளியின் குடம் பாக்கியத்தாயின் குடத்துக்கு இரண்டு குடம் பின்னால்தான் இருந்தது. ஜன்னலிலிருந்து அதைச் சொன்னேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பின்சந்துக்காரி ஒருத்தி சொன்னாள். சரியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 18, வெள்ளி

நேற்றோடு பிரச்சாரம் முடிந்துவிட்டது. ஊர் பஞ்சடைத்த காதுபோல் கிடக்கிறது. உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்றில்கூடச் சத்தமில்லை.

கனி வந்தாள். இளைத்திருக்கிறாள். காதில் பென்சில் இல்லை. "நாளைக்குச் சாவடிக்கு ஸ்கூட்டில கூட்டிட்டுப் போகட்டாம்மா? உப்பளத்து வரப்புல நடக்கணும்லா. உங்க முட்டு தாங்காது."

"வேட்பாளர் வாக்காளரை வண்டியில் ஏத்தக் கூடாது. விதி."

"யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

தலையிலடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, "மாமா போன் போட்டாவ. திருப்பூர்ல வீடு பாத்து வச்சிருக்காவளாம். தோக்கப் போறேன்னு அவ்வளவு நம்பிக்க" என்றாள்.

நம் தெருவும் பின்சந்தும் முழுசாகப் போய் ஓட்டுப் போட்டால் தோற்க மாட்டாய் என்று சொன்னேன். அது கணக்கு; ஆறுதல் அல்ல. ஆறுதல் சொல்வது என் வழக்கமில்லை. அவள் போன பிறகு வெள்ளைப் பட்டுக்கரைச் சேலையை எடுத்துத் தேய்த்து நாற்காலியில் விரித்து வைத்தேன். அவருடைய நாற்காலி. சமையலறையில் இருக்கும் இன்னொரு குழாயைத் தொடவில்லை. அவளுக்கு நாளை நிறைய வேலை இருக்கும்.

பிப்ரவரி 19, சனி

காலையில் பனி. சேலை உடுத்தி, கைக்கடிகாரம் கட்டி, வாக்காளர் அட்டையோடு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஒரு சத்தம். முதலில் கனவின் மிச்சம் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சத்தம்.

முறை இல்லாத நாளில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நூல்போல. ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கலாம். அப்படி மெல்லிய நூல். ஆனாலும் தண்ணீர். செய்தி எப்படிப் போனதோ, ஓட்டுப் போட வரிசையில் நின்ற பெண்களெல்லாம் வரப்பில் திரும்பி ஓடிவந்தார்கள். அவரவர் குடம், அவரவர் வரிசை, குடத்துக்குப் பக்கத்தில் ஆள். தெருமுனைவரை குடங்கள்.

"இது ஓட்டுத் தண்ணிம்மா" என்றாள் பாக்கியத்தாய். அவளுக்கு மூச்சிரைத்தது. "நம்மள இங்கனயே கட்டிப் போடத்தான் தொறந்து விட்ருக்கானுவ. சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் ஒழுகும்."

"தெரிந்துமா நிக்கிற? போய்ப் போட்டுட்டு வா."

"ஓட்டு அஞ்சு வருசங் கழிச்சும் வரும். இதுல நகந்தேன்னா செல்லக்கிளி எங் கொடத்தத் தூக்கி எறிஞ்சிருவா."

"நீ மட்டும் என்ன பண்ணுவியாம்?" என்றாள் செல்லக்கிளி.

ஒருத்தியும் நகரவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி நம்பிக்கை இல்லை. தெருமுனையில் கனி தெரிந்தாள், வாக்குச்சாவடியிலிருந்து வந்திருக்கிறாள். குடங்களைப் பார்த்தாள், தண்ணீர் நூலைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்தவர் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. அப்படியே குத்துக்காலிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"எல்லாக் குடத்துக்கும் நான் ஆள்" என்றேன். "வரிசை மாறாது. ஆறு ஆறு பேராகப் போங்க. போய் வந்து அடுத்த ஆறு பேரை அனுப்புங்க."

யாரும் அசையவில்லை. பிறகு செல்லக்கிளி, என்னைப் பிடிக்காத செல்லக்கிளி, சொன்னாள்: "இந்தம்மா ஒரு துளி கூடக்கொறைய விடாது. வாங்கட்டி."

"நீயும் எந்திரி. வேட்பாளருக்குத் தெருவில் என்ன வேலை? சாவடிக்குப் போ" என்று கனியை விரட்டினேன்.

முதல் ஆறு பேர் போனார்கள். உப்பளத்து வரப்பில் வரிசையாகப் போனார்கள். பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நின்றதால் ஒவ்வொருத்திக்கும் கீழே தலைகீழாக இன்னொருத்தி நடந்தாள். சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. உப்புக் குவியல்களுக்கு நடுவில் அவர்கள் சிறுத்து, பனிக்குள் கரைந்து, வெகுநேரம் கழித்து மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு நிறமாகத் திரும்பி வந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். குடம் நிறைந்ததும் நகர்த்தினேன். எது யாருடைய குடம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் மேலிருந்து பார்த்தது சும்மா இல்லை.

சேலைக் கரை நனைந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தெருக்குழாய்த் தண்ணீர் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மதியம் தவசிமுத்துவின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா, பங்களாவ விட்டுட்டுத் தெருக்குழாய்ல? லாரிக்குச் சொல்லிருந்தா அனுப்பிருப்பேன்லா?"

"குடத்துக்குப் பக்கத்துல ஆள் இருக்கணுமே" என்றேன்.

பின்சீட்டில் ராசகிளி. ஓட்டுப் போடப் போகிறாள், கையில் அட்டை. அவள் பக்கத்துக் கண்ணாடியும் மெதுவாக இறங்கியது. குடங்களைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். வரப்பில் போகிற பெண்களைப் பார்த்தாள். "அத ஏத்துட்டி, தூசி வருது" என்றார் அவர். ஏற்றினாள். கார் போயிற்று.

பாக்கியத்தாய் திரும்பி வந்து, "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் நிக்கேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளும் செல்லக்கிளியும் எந்தக் குடம் அடுத்தது என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் நகர்ந்தால் வரிசை போய்விடும். இன்னும் பின்சந்து முழுதும் பாக்கி. நேரம் இருக்கிறது என்றேன்.

பின்சந்தின் கடைசிப் பெண்கள் வெயில் தாழ்ந்துதான் போனார்கள். வேகமாகப் போனார்கள், இளையவர்கள். வாக்குப்பதிவு முடிகிற சங்கு ஊதிய சிறிது நேரத்தில், யாரோ கையால் மூடியதுபோல், தண்ணீர் நின்றது.

உப்பளத்தின் மேல் சூரியன் இறங்குவதைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. வேறு எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

முழங்கால் வலி. பூசைக்குப் போகவில்லை. யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லும்படி வேலைக்காரியிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, செவ்வாய்

கனி ஜெயித்துவிட்டாள். ஒரே ஒரு ஓட்டில். இரண்டு தடவை எண்ணினார்களாம்.

காலையிலிருந்து வாசலில் ஆட்கள். "அந்த ஒரு ஓட்டு நான் போட்டதும்மா. கடேசி நிமிசத்துல ஓடிப்போயி அமுக்குனேன்" என்று பின்சந்துக்காரி. "எம் புருசன் வீட்லயே கெடந்தாரு. சீப்பால தலையில தட்டி எழுப்பி அனுப்புனேன். அந்த ஓட்டுதான்" என்று பாக்கியத்தாய். செல்லக்கிளி, தன் ஓட்டு இல்லையென்றால் இவளுக்கு ஏது பதவி என்று தெருமுனையில் நின்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் விரலை நீட்டி மையைக் காட்டினார்கள்.

மதியம் கனி மாலையோடு வந்தாள். மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட வந்தாள். விதவைக்கு மாலை போடலாமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "போடலாம்" என்றேன்.

"எல்லாரும் அந்த ஓட்டு எங்க ஓட்டுங்காவ. ஆனா எனக்குத் தெரியும்மா" என்று காதோடு சொன்னாள். "அது உங்க ஓட்டு."

இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன். பனிக்காலத்தில் விரல்கள் விறைக்கின்றன. திருப்பூர்ப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, வியாழன்

நண்பகலுக்குப் பிறகு, தெரு உறங்குகிற நேரத்தில், கேட் கிறீச்சிட்டது. ராசகிளி. தனியாக, நடந்து. அவளை இரண்டாவது முறையாகத் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"தாங்கம்மா" என்றாள். அவள் குரலை இப்போதுதான் கேட்கிறேன். கனமான, நல்ல குரல். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றுகொண்டே குடித்தாள்.

"அந்த நந்தியாவட்டைல ஒரு கம்பு கெடைக்குமா? பதியன் போடணும்."

அரிவாளை எடுத்து வந்து நல்ல கம்பாகப் பார்த்து வெட்டினேன். கொடுக்கும்போது தலைப்பு நழுவிவிட்டது. அவள் என் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க விரல்ல மை இல்லியேம்மா."

உன் விரலில் இருக்கிறதே என்றேன்.

ராசகிளி தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள், யாருடையதோ என்பதுபோல். "வீட்டுல இன்னும் பேச மாட்டேங்காவ. ஒரு ஓட்டுல போச்சே, எவன் துரோகம் பண்ணானோன்னு ஊரெல்லாம் தேடுதாவ" என்றாள். ஜடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு, "எனக்குச் சின்ன வயசுலருந்தே சீப்புன்னா ஆசம்மா" என்றாள்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கேட்வரை கூடவே போனேன். கம்பை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, வெயிலில், வரப்பு வழியாகவே போனாள். பாத்தித் தண்ணீரில் அவளுக்குக் கீழேயும் ஒருத்தி போனாள், கையில் ஒரு கொப்போடு.

பிறகு தூங்கினேன். வீடு முழுக்கத் தண்ணீர். அவர் நாற்காலியில் இருந்தார். குழாயை மூடினாயா என்றார். இல்லை, திறந்துதான் இருக்கிறது என்றேன். சரி என்று தாளைப் புரட்டினார்.

மார்ச் 3, வியாழன்

கனி நேற்று கவுன்சிலராகப் பதவி ஏற்றாள். இன்று காலை தெருக்குழாயில் தண்ணீர் வந்தது, முறைநாளில், கைத்தடிப் பருமனுக்கு.

என் சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வார்டு உறுப்பினருக்கு முறைப்படி புகார் எழுதிக் கொடுத்தனுப்பினேன். பத்து மணிக்கு வருவதாகப் பதில் வந்திருக்கிறது. வரும்போது ஸ்பேனர் கொண்டுவர வேண்டாமாம், அம்மாவிடமே இருக்குமாம்.